மின்னஞ்சலில் அகராதி ஆட்டம்: முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாருக்கும் பொருள் தெரியாத ஒரு சொல்லை ஒருவர் அகராதியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய் விளக்கம் எழுதி, அவருக்கு மட்டும் ரகசியமாக அனுப்புவார்கள். அவர் அந்தப் பொய்களோடு உண்மையான பொருளையும் கலந்து எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். எது அகராதியில் உள்ளது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் புள்ளி. உங்கள் பொய்யை இன்னொருவர் நம்பினாலும் புள்ளி. ஆங்கிலத்தில் இதை 'டிக்ஷனரி கேம்', 'ஃபிக்ஷனரி' என்பார்கள். 'பால்டர்டாஷ்' என்று பெட்டியில் அட்டைகளோடு விற்பதும் இதே ஆட்டம்தான். நாங்கள் அகராதி ஆட்டம் என்கிறோம். சொல் எடுத்துக் கொடுப்பவர் எங்களுக்கு அகராதிக்காரர்.

ஒரே அறையில் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் எழுதி ஆடினால் பெரிய சிக்கல் எதுவும் வராது. நாங்கள் ஏழு பேர்: மதுரையில் இருவர், சென்னையில் இருவர், யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ ஆகிய ஊர்களில் ஒவ்வொருவர். அதனால் மின்னஞ்சலில் ஆடினோம். முதல் மூன்று சுற்றும் கெட்டுப்போயின. முதல் சுற்றில் ஒருவர் தன் விளக்கத்தை எல்லோருக்கும் போகும்படி அனுப்பிவிட்டார். இரண்டாவது சுற்றை நான் நடத்தினேன். உண்மையான பொருளை இணைய அகராதியிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டியதால், அந்த வரி மட்டும் வேறு எழுத்துருவில் தெரிந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் ஒருவருடைய பதிலுக்காக 19 நாள் காத்திருந்தோம். ஆட்டம் அப்படியே நின்றுபோனது.

அதன் பிறகு முறைகளை எழுதிவைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம். இடையிடையே சறுக்கினாலும் 21 சுற்றுகளை ஆடி முடித்திருக்கிறோம். அந்த முறைகளைத்தான் இங்கே தருகிறேன். வேலை பெரும்பாலும் அகராதிக்காரருக்குத்தான் என்பதால், பாதிக்கு மேல் அவரை நினைத்தே எழுதியிருக்கிறேன்.

1. ஆட்களைச் சேர்ப்பது

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். நான்கு பேர் என்றால் பட்டியலில் நாலு விளக்கம்தான் இருக்கும், ஊகித்தே அடித்துவிடலாம். பத்துக்கு மேல் போனால் பட்டியல் நீண்டு, படிக்கிறவருக்கும் அலுப்பு, தொகுக்கிறவருக்கும் அலுப்பு.

சேர்வதற்கு முன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். தினமும் பார்க்கும் மின்னஞ்சல் முகவரி எது? ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் தட்டச்சு செய்ய வருமா? தன் முறை வரும்போது ஒரு வாரம் அகராதிக்காரராக இருக்கச் சம்மதமா?

அலுவலக முகவரி வேண்டாம். எங்களில் ஒருவருக்கு அலுவலகத்தின் மின்னஞ்சல் வடிகட்டி மூன்று மடல்களை விழுங்கிவிட்டது. அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தட்டச்சைப் பொறுத்தவரை, பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் மற்றவர் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை வைத்துக்கொள்வது இதற்கு எளிய வழி.

வாட்ஸப் குழுவில் ஆடினால் என்ன என்று கேட்பார்கள். ஆடிப் பார்த்தோம். தனிச்செய்தியாகப் போக வேண்டியது குழுவில் விழுந்துவிடுகிறது, பட்டியல் மற்ற அரட்டைக்குள் மேலே ஓடிவிடுகிறது, உடனே பதில் போட வேண்டும் என்ற அவசரமும் வந்துவிடுகிறது. ஒரு நல்ல பொய்யை யோசிக்க இரண்டு நாள் வேண்டும்.

2. செலவும் தேவையான பொருள்களும்

காசு செலவே இல்லை. செலவாவது நேரம்தான். அகராதிக்காரருக்கு அந்த வாரத்தில் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும்: சொல் தேட ஒரு மணி, விளக்கங்களைத் தொகுக்க ஒன்றரை மணி, புள்ளி போட அரை மணி. மற்றவர்களுக்கு யோசிக்கும் நேரம் போக 20 நிமிடம்.

அகராதிக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒன்றே போதும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகத் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் அகராதிகள் கிடைக்கின்றன.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி யாரிடமாவது இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது சொல் எடுப்பதற்கு அல்ல. நீங்கள் எடுத்த சொல் அதில் இருந்தால், அது இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். குழுவில் யாருக்காவது தெரிந்திருக்கும். அதில் இல்லையென்றால் தைரியமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று, ஒரு கணக்குத் தாள். எக்செல்லோ, நோட்டுப் புத்தகமோ எதுவானாலும் சரி. ஐந்து கட்டங்கள் வேண்டும்: பட்டியல் எண், எழுதியவர் பெயர், அவர் அனுப்பிய விளக்கம், நீங்கள் திருத்திய விளக்கம், வந்த வாக்குகள். இதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் இணையக் கோப்புறையில் வைக்காதீர்கள். ஒருமுறை அப்படி வைத்து, வேறு எதையோ தேடிப் போனவர் கண்ணில் எல்லாப் பெயர்களும் பட்டுவிட்டன. அந்தச் சுற்றை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று.

3. கால அட்டவணை

ஒரு சுற்றுக்கு ஒரு வாரம். எங்கள் அட்டவணை இது:

ஞாயிறு இரவு 8 மணி: சொல் போகும்.
புதன் இரவு 9 மணி: விளக்கம் அனுப்பக் கடைசி நேரம்.
வியாழன் இரவுக்குள்: பட்டியல் போகும்.
சனி இரவு 9 மணி: வாக்குக்குக் கடைசி நேரம்.
ஞாயிறு காலை: முடிவு. அன்று இரவே அடுத்தவர் சொல்லை அனுப்பலாம்.

எல்லாம் இந்திய நேரம் என்று ஒவ்வொரு மடலிலும் எழுதுங்கள். முதலில் நாங்கள் 'புதன் இரவு 10' என்று வைத்திருந்தோம். சிங்கப்பூர் நண்பருக்கு அது வியாழன் அதிகாலை 12.30. அவர் புதன் முடிந்துவிட்டது, வாய்ப்புப் போய்விட்டது என்று நினைத்து அனுப்பாமலே விட்டுவிட்டார். 9 மணி என்று மாற்றியபின் அவருக்குப் புதன் இரவு 11.30, டொராண்டோவில் கோடையில் புதன் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. எல்லோருக்கும் அதே கிழமை வருகிற மாதிரி நேரத்தைப் பிடித்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், அதில் கவலையில்லை.

கடைசி நேரம் என்றால் கடைசி நேரம்தான். ஒரே ஒரு நினைவூட்டல், புதன் காலையில். அதற்கும் பதில் வராவிட்டால் அவர் இல்லாமலே பட்டியலை அனுப்பிவிடுங்கள். அவர் அந்தச் சுற்றில் வாக்கு மட்டும் போடலாம். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினால், நேரத்துக்கு அனுப்பிய ஐந்து பேருடைய ஆர்வமும் ஆறிவிடும். 19 நாள் காத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் சுற்றே வைக்காதீர்கள்.

4. சொல் தேடுவது

நல்ல சொல் என்றால் மூன்று குணங்கள் இருக்க வேண்டும். கேட்டால் எதுவோ புரிவது மாதிரி இருக்க வேண்டும், ஆனால் புரியக் கூடாது. பொருள் ஒன்றாகவோ, ஒன்றோடொன்று நெருங்கியதாகவோ இருக்க வேண்டும். பொருளைச் சொன்னதும் 'அட, இதுவா!' என்று தோன்ற வேண்டும்.

எங்களுக்கு நன்றாக ஓடிய ஒரு சொல் 'காலதர்'. கால் பங்கு, கால்வாய், காலம் என்று எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பொருள் சன்னல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. முடிவைச் சொன்ன அன்று இந்தச் சொல்லைப் பற்றி மட்டும் பன்னிரண்டு மடல்கள் ஓடின. இப்படிப்பட்ட சொல் கிடைக்க ஒரு மணி நேரம் தேடினாலும் தகும்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

உடைத்தால் பொருள் விழுந்துவிடும் சொற்கள் வேண்டாம். 'தொடுதோல்' கொடுத்தேன், தோல் என்று தெரிந்ததுமே இரண்டு பேர் செருப்பு என்று எழுதிவிட்டார்கள்.

போட்டித் தேர்வுச் சொற்கள் வேண்டாம். கொண்மூ, எழிலி என்றால் மேகம் என்று டிஎன்பிஎஸ்சி-க்குப் படித்தவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். யானை, கடல், மலர் ஆகியவற்றின் வேறு பெயர்களும் அப்படித்தான்.

அகராதியில் 'ஒரு மரம்', 'ஒரு பூண்டு' என்று மட்டும் போட்டிருக்கும் சொற்களும் வேண்டாம். உண்மையான பொருளே சப்பென்று இருந்தால் யாருக்கும் மகிழ்ச்சியில்லை.

பல பொருள் உள்ள சொற்கள் சண்டையில் முடியும். 'கன்னல்' என்றால் கரும்பு. நாழிகை காட்டும் வட்டிலும் கன்னல்தான். ஒருவர் தற்செயலாக மற்றப் பொருளை எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்?

வட்டார வழக்கையும் மறக்கக் கூடாது. 'கிடுகு' என்ற சொல்லை, கேடயம் என்ற பொருளை மனத்தில் வைத்து மதுரை நண்பர் கொடுத்தார். யாழ்ப்பாணத்து நண்பர் அடுத்த பத்தாவது நிமிடம் 'கூரை வேய, வேலி அடைக்கப் பின்னிய தென்னோலை' என்று எழுதி அனுப்பினார். லெக்சிகனிலும் அந்தப் பொருள் இருக்கிறது. அவர் வீட்டில் தினம் புழங்கிய சொல் அது. குழுவில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் இருந்தால், சங்க இலக்கியச் சொல் என்று நாம் நினைப்பது இன்னொருவர் பாட்டியின் வாயில் இன்றும் இருக்கலாம். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான், ஆனாலும் அகராதிக்காரருக்கு அது ஒரு கண்ணி.

தொடங்குவதற்குச் சில சொற்கள்: உளியம் (கரடி), ஆகு (பெருச்சாளி), அரமியம் (நிலா முற்றம்), ஞெலிகோல் (தீக்கடைகோல்), துவலை (நீர்த்துளி), பொகுட்டு (தாமரைப் பூவின் நடுக்கொட்டை), ஐயவி (வெண்சிறுகடுகு). இந்த வழிகாட்டியை உங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் இந்தச் சொற்கள் வீண். நடத்துபவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. முதல் மடல்: சொல்லை அனுப்புவது

பெறுநர் இடத்தில் உங்கள் சொந்த முகவரியைப் போடுங்கள். மற்ற எல்லோரையும் பிசிசி-யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பும் இடம்) போடுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தால் பாதி விபத்துகள் நடக்காது. பிசிசி-யில் வந்த மடலுக்கு ஒருவர் தெரியாமல் 'ரிப்ளை ஆல்' அழுத்தினாலும் அது உங்களுக்கு மட்டும்தான் வரும். எங்கள் முதல் சுற்று கெட்டதற்குக் காரணம், எல்லா முகவரிகளும் வெளியில் தெரியும்படி இருந்ததுதான். அனுப்பியவர் மேல் தப்பே இல்லை.

பிசிசி மடல் சிலருக்கு ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடும். அதனால் முதல் சுற்றுக்கு முன் வெறும் சோதனை மடல் ஒன்று அனுப்பி, 'கிடைத்தது' என்று ஒவ்வொருவரும் பதில் போடச் சொல்லுங்கள். உங்கள் முகவரியை அவர்கள் தொடர்புப் பட்டியலில் சேமித்துக்கொள்ளட்டும்.

தலைப்பு வரி ஒவ்வொரு மடலுக்கும் வேறாக இருக்க வேண்டும்: 'அகராதி ஆட்டம் – சுற்று 4 – வங்கூழ் – விளக்கம் அனுப்புங்கள்'. ஒரே தலைப்பை வைத்தால் ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே இழையில் அடுக்கிவிடலாம். எது புதியது என்று தெரியாது.

மடலுக்குள் நான்கு விஷயங்கள் போதும். சொல். அது பெயரா வினையா. எந்த அகராதி. கடைசி நேரம். பெயரா வினையா என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் வினையாகவும் பாதிப் பேர் பெயராகவும் எழுதுவார்கள். 'அலமருதல்' மாதிரியான சொல்லாக இருந்தால் விளக்கமும் 'தல்' என்றே முடிய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். (சுழலுதல் என்று பொருள்.)

கடைசியாக ஓர் உறுதிமொழி: அகராதியைப் புரட்டக் கூடாது, தேடுபொறியில் தேடக் கூடாது, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் கேட்கக் கூடாது. இதைக் கண்காணிக்க வழியில்லை. நண்பர்களுக்குள் நம்பிக்கைதான். ஒருவருக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்திருந்தால், மறைக்காமல் உண்மையான பொருளையே எழுதி அனுப்பலாம். அதற்கும் புள்ளி உண்டு, கீழே சொல்கிறேன்.

6. பொய் விளக்கம் எழுதுவது

இது ஆடுபவர்களுக்கு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, சிரிக்கவைக்கப் பார்ப்பது. சிரிப்பு வரும், வாக்கு வராது. அகராதி சிரிக்காது. அது சுருக்கமாக, உணர்ச்சியில்லாமல் பேசும். நீங்களும் அப்படியே பேச வேண்டும்.

நீளம் ஏழு சொற்களுக்குள் இருக்கட்டும். 'முற்காலத்தில்' என்று தொடங்காதீர்கள். எந்த அகராதியும் அப்படித் தொடங்காது. கைத்தொழில்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தறி, உப்பளம், நெற்களம், தோணி, குயவர் சக்கரம், மாட்டு வண்டி. அங்கெல்லாம் நமக்குத் தெரியாத சொற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நம்புவார்கள். காலதருக்கு வந்த விளக்கங்களில் அதிக வாக்கு வாங்கியது 'கூலியாகக் கொடுக்கும் கால் மரக்கால் நெல்'. கால் என்ற ஒலியையும் பிடித்துக்கொண்டது, நெற்களத்தையும் பிடித்துக்கொண்டது.

ஒலி தரும் குறிப்பைக் கொஞ்சம்தான் தொட வேண்டும். வங்கூழ் என்றதும் கூழ் என்று எழுதினால், மற்ற நாலு பேரும் அதையே எழுதியிருப்பார்கள். கூழிலிருந்து ஓர் அடி தள்ளிப் போனவருக்குத்தான் வாக்கு விழும்.

தமிழ் அதிகம் வாசிக்காதவர்கள் இதில் தோற்பார்கள் என்று நினைக்க வேண்டாம். டொராண்டோ நண்பரின் மகளுக்கு 14 வயது. தமிழ் பேசுவாள், மெதுவாகத்தான் படிப்பாள். அம்மாவுக்குப் பதிலாக ஒரு சுற்றில் 'மிஞிறு' என்ற சொல்லுக்கு 'பூனையின் மெல்லிய உறுமல்' என்று எழுதினாள். ஆறில் மூன்று பேர் அதற்குத்தான் வாக்குப் போட்டோம். மிஞிறு என்றால் வண்டு.

7. இரண்டாவது மடல்: பட்டியல்

ஆட்டத்தின் உயிர் இந்த மடலில்தான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

முதலில், வந்த விளக்கங்களை உள்ளபடியே கணக்குத் தாளில் ஏற்றுங்கள். பிறகு பக்கத்துக் கட்டத்தில் ஒவ்வொன்றையும் திருத்துங்கள். திருத்துவது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. ஒவ்வொருவர் எழுத்திலும் அவரவர் முகம் தெரியும். ஒருவர் ல, ள மாற்றி எழுதுவார். ஒருவர் கடைசியில் மூன்று புள்ளி வைப்பார். ஒருவர் 'ஒருவகையான' இல்லாமல் எழுதவே மாட்டார். இதையெல்லாம் விட்டுவைத்தால் யார் எழுதியது என்று நண்பர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பிழைகளைத் திருத்தி, எல்லாவற்றையும் ஒரே நடைக்குக் கொண்டுவாருங்கள். எழுதியவருடைய கருத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எனக்கு வந்தது: 'முற்காலத்தில் நெசவாளர்கள் தறியில் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்க அரிசி வடித்த கஞ்சியில் செய்து பூசும் ஒருவகையான பசை...' நான் போட்டது: 'தறியில் பாவு நூலுக்குப் பூசும் கஞ்சி'.

உண்மையான பொருளையும் இதே நடைக்குக் கொண்டுவர வேண்டும். வங்கூழ் என்றால் காற்று. மற்றவை எல்லாம் நாலைந்து சொல்லாக இருக்கும்போது 'காற்று' என்று ஒற்றைச் சொல் நின்றால் கண்ணில் குத்தும். பொருள் மாறாதபடி ஒரு சொல் சேர்த்து 'வீசும் காற்று' ஆக்கினேன்.

பிறகு வரிசையைக் குலுக்குங்கள். மனத்தால் கலைக்காதீர்கள், நம்மையறியாமல் உண்மையை நடுவில்தான் வைப்போம். துண்டுச் சீட்டில் எண் எழுதிக் குலுக்கி எடுங்கள்.

அன்று போன பட்டியல் இது:

1. பானையின் அடியில் பிடித்துக் காய்ந்த கூழ்
2. தறியில் பாவு நூலுக்குப் பூசும் கஞ்சி
3. தரிசு நிலத்துக்கு விதித்த வரி
4. வீசும் காற்று
5. ஏர் இழுக்க முடியாத கிழ எருது
6. உப்பு வண்டிகளின் வரிசை
7. குளத்தில் ஈரம் வற்றாத சேறு

எல்லா வரிகளையும் நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். நகலெடுத்து ஒட்டினால் எழுத்துரு, அளவு, பின்னணி நிறம் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் மற்றவர் கைப்பேசியில் வேறாகத் தெரியும். என் இரண்டாவது சுற்று அப்படித்தான் போனது. கணினியில் ஒட்டியே ஆக வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஜிமெயிலில் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும்.

அனுப்பும் முன் முதலில் உங்களுக்கே அனுப்பிக் கைப்பேசியில் பாருங்கள். ஜிமெயில் அமைப்பில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 நொடியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அது தராது. அந்த 30 நொடிக்குள் பிசிசி-யை ஒருமுறை பார்த்துவிடலாம்.

அனுப்பிய பின் பிழை கண்ணில் பட்டால் அதைத் திருத்தலாம், ஆனால் வரிசை எண்களை மாற்றாதீர்கள். ஒருமுறை திருத்திய பட்டியலை வேறு வரிசையில் அனுப்பியதால், வந்த '3' எந்த மூன்று என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே பொய்யை எழுதியிருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள். விழும் புள்ளி இருவருக்கும். ஒருவர் உண்மையான பொருளையே எழுதியிருந்தால் அதைப் பட்டியலில் தனியாகப் போட வேண்டாம். அவருக்குத் தனியே தெரிவித்து 3 புள்ளி கொடுங்கள். அவர் அந்தச் சுற்றில் வாக்குப் போடக் கூடாது. இரண்டு பேர் உண்மையை எழுதிவிட்டால் சொல் சரியில்லை என்று அர்த்தம். வேறு சொல் கொடுத்து அந்த வாரத்தை மறுபடி தொடங்குங்கள்.

8. வாக்கும் புள்ளியும்

வாக்கு அகராதிக்காரருக்கு மட்டும். எண்ணோடு முதல் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள்: '2 – தறியில்'. தன் விளக்கத்துக்குத் தானே வாக்குப் போடக் கூடாது.

புள்ளிக் கணக்கு எங்கள் குழுவில் இப்படி: உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு 2. உங்கள் பொய்க்கு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் 1. ஒருவர்கூட உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால் அகராதிக்காரருக்கு 3. வேறு மாதிரியும் வைக்கலாம். ஆனால் சுற்று தொடங்கியபின் மாற்றாதீர்கள்.

வங்கூழ் சுற்றில் ஆறு வாக்குகள். தறிக்கு மூன்று, காய்ந்த கூழுக்கு ஒன்று, தரிசு வரிக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. தறியை எழுதியவருக்கு 3, காற்றைப் பிடித்தவருக்கு 2, கூழுக்கும் வரிக்கும் ஒவ்வொன்று. ஒருவர் கண்டுபிடித்துவிட்டதால் எனக்கு எதுவும் இல்லை.

தகராறு வந்தால் முதல் மடலில் நீங்கள் சொன்ன அகராதி சொல்வதுதான் முடிவு.

9. முடிவு மடல்

இதை மட்டும் எல்லோர் முகவரியும் தெரியும்படி அனுப்புங்கள். யார் எதை எழுதினார், யார் யாரை நம்பினார், பொருள் என்ன, அந்தச் சொல் எங்கே வருகிறது எல்லாம் இதில் இருக்கட்டும். வங்கூழுக்கு அகநானூற்றில் கடலில் போகும் கப்பலைக் காற்று அலைக்கும் வரி இருக்கிறது. அதைச் சேர்த்து அனுப்பினேன். அரட்டை அடிக்க வேண்டிய இடம் இந்த மடல்தான். நண்பர்களோடு ஆடுகிறோம் என்பதே இதில்தான் தெரியும்.

ஒரே ஒரு கண்ணி. அடுத்த சொல் வந்தபின் ஒருவர் இந்தப் பழைய அரட்டை மடலுக்கே பதிலாகத் தன் விளக்கத்தை அனுப்பிவிடுவார். அது எல்லோருக்கும் போய்விடும். எங்களுக்கு இரண்டு முறை நடந்தது. இப்போது புதிய சொல் போகும் மடலின் முதல் வரியே 'இந்த மடலுக்கு மட்டும் பதில் போடுங்கள்' என்பதுதான்.

10. முறை மாற்றமும் விலகலும்

எல்லோரும் ஒருமுறை அகராதிக்காரராக இருந்தால் ஒரு வட்டம். ஏழு பேருக்கு ஏழு வாரம். புள்ளியை வட்டத்தோடு முடித்துவிட்டு, அடுத்த வட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். பின்தங்கியவர்களுக்கு ஆர்வம் விட்டுப்போகாது. வட்டத்தின் நடுவில் ஒருவர் தற்காலிகமாக விலக வேண்டியிருந்தால் அவர் முறையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். புதியவரை வட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி முடித்த சொற்களின் பட்டியலை ஒவ்வொரு புதிய அகராதிக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். இல்லாவிட்டால் ஒரே சொல் திரும்பி வரும். எங்கள் பட்டியலில் இப்போது 21 சொற்கள். அடுத்த வட்டத்தை டொராண்டோ நண்பரின் மகள் தொடங்குகிறாள். சொல்லை அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம். ஞாயிறு இரவு 8 மணிக்கு, அவளுக்கு அன்று காலை 10.30, மடல் வரும்.